சிக்கனத்திற்கும் கைமுதல் வேண்டும்

செலவு செய்வதில் நடுவழி எது என்பதைத் திருமறை பல இடங்களில் காட்டித் தருகிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27 ஆகிய வசனங்கள் வீண் விரயத்தைக் கடுமையாக எச்சரிக்கின்றன. அதே அத்தியாயத்தின் 29ஆவது வசனம், கையை அடியோடு இறுக்கிக் கொள்வதையும் அடியோடு விரித்து விடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆவது வசனமோ, இந்த நடுவழியை அல்லாஹ்வின் நல்லடியார்களுக்குரிய அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்து விடுகிறது. இவற்றைக் கையில் வைத்துக் கொண்டு சிக்கனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பயான் செய்வது நம் போன்ற மௌலவிகளுக்குச் சிரமமான காரியமல்ல. நாமும் செய்தோம்.

அது ஷஃபான் மாதத்து வெள்ளிக்கிழமை. இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் நடுவே நாம் இமாமத் செய்யும் பள்ளிவாசலில், ரமலான் செலவுகளை முன்னிட்டுப் பேசினோம். கடையில் மாவுப் பாக்கெட் வாங்குவதையும், இஞ்சி பூண்டு விழுதைக் கூட பாக்கெட்டில் வாங்குவதையும், பெருநாள் துணிக்குத் தையற்கூலி கொடுப்பதையும் கண்டித்தோம். வீட்டிலேயே அரையுங்கள், வீட்டிலேயே தையுங்கள், மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கிக் காய வைத்துப் பொடி செய்து கொள்ளுங்கள், நம் பாட்டிமார்கள் அப்படித்தானே வாழ்ந்தார்கள் என்று முடித்தோம். பயான் நன்றாக இருந்தது என்று நிர்வாகிகள் சொன்னார்கள்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு சகோதரர் மட்டும் நின்றார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. வேலை இருக்கும் நாளில் கூலி, இல்லாத நாளில் இல்லை. “ஹஜ்ரத், நீங்க சொன்னது எல்லாம் சரி. எங்க வூட்லயும் அதையேதான் சொல்றாங்க. ஆனா கிரைண்டர் வாங்கணும், தையல் மிஷின் வாங்கணும், மொளகா அஞ்சு கிலோ ஒண்ணா வாங்கணும். சிக்கனமா இருக்கறதுக்கு எம்மாம் செலவு ஆகுது பாத்தீங்களா?” என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். நமக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றிரவு ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாசகர்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம். இடத்திற்கு இடம் விலை மாறும். ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 40 ரூபாய், வெந்தயம், உப்பு, கரண்டு எல்லாம் சேர்த்து 10 ரூபாய். ஆக 100 ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். கிலோ 33 ரூபாய் விழுகிறது. கடையில் அதே மாவு 55 ரூபாய். கிலோவுக்கு 22 ரூபாய் மிச்சம். வாரம் நான்கு கிலோ மாவு செலவாகும் குடும்பத்திற்கு வாரம் 88 ரூபாய் மிஞ்சும். நம் பயான் இது வரைக்கும் சரிதான். ஆனால் மேடையில் நாம் சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான் வருகிறது. சாதாரண டேபிள் டாப் கிரைண்டர் 4,500 ரூபாய் என்று வையுங்கள். வாரம் 88 ரூபாயாக அந்தப் பணம் திரும்பி வர 51 வாரம் ஆகும். ஒரு வருடம் கழித்துத்தான் சிக்கனம் ஆரம்பமாகிறது.

கையில் 4,500 ரூபாய் இருப்பவருக்கு இது நல்ல வியாபாரம். இல்லாதவர் என்ன செய்வார்? நம் பகுதியில் தண்டல் என்றால் தெரியாதவர் இல்லை. 5,000 ரூபாய் என்று எழுதிக் கொண்டு, வட்டியை முதலிலேயே பிடித்து 4,250 ரூபாய் கையில் கொடுப்பார்கள். தினம் 50 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். மாவில் மிஞ்சுவதோ ஒரு நாளைக்கு 12, 13 ரூபாய். பன்னிரண்டு ரூபாய் உள்ளே வருவதற்காக ஐம்பது ரூபாய் வெளியே போகிறது. வட்டி என்னும் ஹராமும் வீட்டுக்குள் நுழைந்து விடுகிறது. கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்து விட்டது. ஆயினும் அவசரத்திற்குக் காலையில் கேட்டால் மாலையில் கொடுக்கக் கூடியவர் தண்டல்காரர் ஒருவர்தான் என்ற நிலை மாறவில்லை. ஆகவே அந்தச் சகோதரரின் இல்லத்தார் தினம் அரைக் கிலோ மாவு வாங்குவது சோம்பேறித்தனம் அல்ல. அவர்களுடைய வரவுக்கு அதுதான் சரியான கணக்கு. அதை நாம் விரயம் என்று சொல்லி விட்டோம்.

அமெரிக்காவில் டேவிட் கேப்லோவிட்ஸ் என்ற ஆய்வாளர் நியூயார்க் நகரத்து ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்து 1963இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏழைகள்தாம் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதே அதன் தலைப்பும் செய்தியும். ஆனால் இதை அறிய நியூயார்க் போக வேண்டியதில்லை. நம் தெருவிலேயே 25 கிலோ அரிசி மூட்டை வாங்குபவருக்குக் கிலோ ஒரு விலை, தினம் ஒரு கிலோ வாங்குபவருக்கு வேறு விலை. எண்ணெயைச் சிறிய பாக்கெட்டாக வாங்குபவர் வருடக் கடைசியில் எத்தனை லிட்டருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

பணம் மட்டுமே கைமுதல் என்றும் எண்ணி விடக் கூடாது. ஊற வைக்கவும் அரைக்கவும் கல்லைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். குடம் வைத்துக் காத்திருக்கும் சந்துகளில் அதுவும் ஒரு செலவுதான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் ஒரே மீட்டரின் கீழ் நான்கு குடித்தனம் இருந்து, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் விலையைக் கட்டுபவருக்கு அந்தச் சலுகை எங்கே வந்து சேருகிறது? மிளகாய் காய வைக்க மாடி வேண்டும். மாடி இருந்தாலும் காற்று சுத்தமாக இருக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில், இராயபுரத்தில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் கறுத்துப் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபரிலிருந்து அங்கே நிலக்கரி நின்றது. நின்றது என்றால் மறையவில்லை, எண்ணூர்ப் பக்கம் போயிற்று. இன்று எண்ணூரில் வடகம் காய வைக்கும் தாய் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடுகிறார். அந்தத் துணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்!

இந்த இடத்தில் ஒரு ஹதீஸை விரிவாகப் பார்ப்போம். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் விரிவாக வருகிறது. தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களில் சிலர் பேசியிருக்கிறார்கள். ஏலம் விட்ட பகுதியைத் திர்மிதீ இமாம் ‘ஹஸன்’ என்று கூறியுள்ளார்கள். சம்பவம் நாம் அனைவரும் கேட்டதுதான். அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பாதியை உடுத்தி, பாதியை விரித்துக் கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருந்தன. இரண்டையும் கொண்டு வரச் சொல்லி ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதற்கு மேல் யார் என்று மீண்டும் கேட்டார்கள். வேறொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து எடுத்தார். ஒரு திர்ஹமுக்கு வீட்டாருக்கு உணவும், மறு திர்ஹமுக்குக் கோடாரியும் வாங்கச் செய்தார்கள். கோடாரிக்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்தித் தந்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்து, துணியும் உணவும் வாங்கினார்.

யாசகம் கேட்காதே, உழைத்துச் சாப்பிடு என்பதற்கு ஆதாரமாகத்தான் இந்த ஹதீஸை நாம் எப்போதும் ஓதுகிறோம். அது உண்மையே. ஆனால் அந்த இரண்டு திர்ஹம் போன வழியைக் கவனியுங்கள். முதல் திர்ஹம் கோடாரிக்குப் போகவில்லை, உணவுக்குப் போயிற்று. பசித்த வீட்டில் வைத்த கைமுதல் அன்றைக்கே கரைந்து விடும் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்; மறுநாளே பலன் எங்கே என்று கேட்கவில்லை. இன்னொன்று நம்மை மிகவும் யோசிக்க வைத்தது. அந்தப் பழைய துணிக்கும் பாத்திரத்திற்கும் முதலில் கேட்கப்பட்ட விலை ஒரு திர்ஹம்தான். அத்தோடு நின்றிருந்தால் உணவு கிடைத்திருக்கும், கோடாரி கிடைத்திருக்காது. இரண்டாவது திர்ஹம் சபையில் இருந்த இன்னொருவரின் பையிலிருந்து வந்தது. அவருடைய பெயரைக் கூட அறிவிப்பு சொல்லவில்லை. காம்பும் விலைக்கு வாங்கியதல்ல. ஆக, அந்த மனிதர் தம் உழைப்பால் எழுந்தார் என்பது எவ்வளவு உண்மையோ, அவருடைய முதல் செலவைச் சபை ஏற்றுக் கொண்டது என்பதும் அவ்வளவு உண்மை. நம் பயானில் உழைப்பு இருந்தது, சபை இல்லை.

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தையும் பார்க்க வேண்டும். மகளை அனுப்பும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் கொடுத்தவை முஸ்னது அஹ்மதில் வருகின்றன: ஒரு கம்பளித் துணி, பேரீச்ச நார் அடைத்த தோல் தலையணை, இரண்டு திரிகைக் கற்கள், ஒரு தண்ணீர்த் தோற்பை, இரண்டு ஜாடிகள். சீர் வரிசையின் எளிமையைக் காட்ட இந்தப் பட்டியலைச் சொல்கிறோம். எளிமை மட்டுமா? மாவை வெளியில் தேடாமல் வீட்டில் அரைத்துக் கொள்ளத் திரிகை, நீர் கொண்டு வரத் தோற்பை, சேர்த்து வைக்க ஜாடி. ஒரு வீடு தன் கையால் நடப்பதற்கு வேண்டிய கருவிகள் முதல் நாளே வந்து விட்டன. அந்தத் திரிகையால் அவர்களுடைய கை காய்த்துப் போனதும், பணியாள் கேட்கப் போனதும், அதற்குப் பதிலாகத் தஸ்பீஹ் கற்றுக் கொடுக்கப்பட்டதும் புகாரீ, முஸ்லிமில் உள்ளன. கையால் செய்வது சுகமான காரியம் என்று மார்க்கம் நம்மிடம் பொய் சொல்லவில்லை. நம்மவர்களின் திருமணச் சீரில் இன்று கண்ணாடி அலமாரியும் சோபாவும் போகின்றன; ஒரு தையல் இயந்திரம் போனதை நாம் நடத்திய நிக்காஹ்களில் இரண்டு முறைதான் பார்த்தோம்.

வசதியுள்ள வீட்டின் கதை வேறு. அங்கே சிக்கனமே ஒரு மோகமாகி விடுகிறது. வீட்டிலேயே ரொட்டி சுடுவோம் என்று ஓவன், வீட்டிலேயே எண்ணெய் ஆட்டுவோம் என்று ஒரு மெஷின். மூன்று மாதத்தில் அவை பரணுக்குப் போய் விடும். மாவுப் பாக்கெட் வாங்குபவரை விட்டு விட்டு அந்தப் பரணைப் பற்றி நாம் பயான் செய்திருக்க வேண்டும்.

கருவிதான் தடை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2011 செப்டம்பரில் அரசு, குடும்ப அட்டையுள்ள வீட்டுப் பெண்களுக்கு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. நம் மஹல்லாவில் அந்த கிரைண்டர் இன்றும் ஓடும் வீடுகள் உண்டு. அட்டை இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை. சிலர் கஷ்டத்தில் விற்று விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது தரையில் வைத்திருந்த மோட்டார்கள் நீரில் மூழ்கின. எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. நிவாரணம் 6,000 ரூபாய் கிடைத்தது. பாய், பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம் என்று அது போய் விட்டது. கைமுதல் ஒரு தரம் போட்டால் முடிந்தது என்பது மேட்டுத் தெருவில் இருப்பவர்களின் கணக்கு.

அப்படியானால் வழி என்ன? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சிறிய அத்தியாயங்களில் ஒன்று அல்மாஊன், 107ஆவது அத்தியாயம். அதன் கடைசி வசனம் ‘மாஊன்’ என்பதைத் தடுத்துக் கொள்பவர்களைக் கண்டிக்கிறது. மாஊன் என்றால் ஜகாத் என்று விளக்கம் கூறிய ஸஹாபாக்கள் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாளியையும் சட்டியையும் இரவல் கொடுப்பதையே மாஊன் என்று கருதி வந்ததாகக் கூறுகிறார்கள். இது அபூதாவூதில் உள்ளது. வாளியும் சட்டியும்! பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வரும் சாதாரணப் பொருள்கள். இன்று அந்த இடத்தில் கிரைண்டர், தையல் மிஷின், தேங்காய் துருவி, சுத்தியல், ஏணி என்று வைத்துப் படித்துக் கொள்ள வேண்டியதுதான்.

இனி சில மஸ்அலாக்கள். ஒரு ஏழைக்குத் தொழிற்கருவி வாங்க ஜகாத் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். தொழில் தெரிந்தவருக்கு அவருடைய தொழிற்கருவியின் விலையைக் கொடுக்கலாம், அந்த விலை குறைவோ அதிகமோ என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஉ’ நூலில் விளக்கியிருக்கிறார்கள். வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது, ஆகவே அவர் ஏழையல்ல என்று ஒதுக்குவதும் தவறு. வீட்டுச் சாமானும் தொழிற்கருவியும் அடிப்படைத் தேவை என்பது ஹனஃபீ நூல்களில் தெளிவாக உள்ளது. ஆனால் பள்ளிவாசலில் பொதுவாக வைத்துக் கொள்ளும் கருவியை ஜகாத் பணத்தில் வாங்கக் கூடாது. ஜகாத் ஒரு ஏழையின் கையில் உடைமையாகப் போய்ச் சேர வேண்டும். பொதுக் கருவிக்கு ஸதகாவும் வக்ஃபும்தான் வழி. அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்ற கேள்விக்கு, வழக்கத்தில் உள்ளவற்றைச் செய்யலாம் என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் கூறியதாக ‘ஹிதாயா’வில் வருகிறது. அங்கே உதாரணமாகச் சொல்லப்படுபவை கோடாரி, ரம்பம், சமையல் சட்டிகள்! நம் பள்ளிகளில் கல்யாணத்திற்குக் கொடுக்கும் தேக்சாவும், ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவும் அந்த வகைதானே. ஒரு அண்டாவில் இத்தனை வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த ஜமாஅத்துக்கு, ஒரு கிரைண்டரைச் சுற்றில் விடத் தெரியாதா?

தாய்மார்கள் நடத்தும் பாத்திரச் சீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்துப் பேர் மாதாமாதம் சமமாகப் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக் கொள்வது கூடும். தள்ளு இல்லை, ஏலம் இல்லை என்றால் அதில் வட்டி இல்லை. இது பழைய வழக்கமும் கூட. எகிப்தில் ஹிஜ்ரீ 1069இல் மறைந்த கல்யூபீ (ரஹ்) அவர்கள், பெண்கள் வாரமோ மாதமோ இப்படிச் சேர்த்து முறை வைத்து எடுத்துக் கொள்ளும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அது ஆகும் என்று அவர்களுக்கு முந்திய அல்வலீ அல்இராக்கீ (ரஹ்) அவர்களின் கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏலச்சீட்டு வேறு, அவசரக்காரர் தள்ளிக் கொடுக்கும் தொகை மற்றவருக்கு லாபமாகப் போகிறது. தையல் மிஷினுக்கு, மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் நாடலாம்.

பம்பாயின் கிர்காமில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் என்று நாடெங்கும் பரவியது. அவர்களுடைய கைமுதல் கடனாகப் பெற்ற 80 ரூபாய். கடன் கொடுக்க ஒருவர் இருந்தார், காய வைக்க ஒரு மாடி இருந்தது.

நம் பள்ளியில் அடுத்த வெள்ளிக்கிழமை பழைய பயானைத் திருத்திப் பேசினோம். அதன் பிறகு வந்தவை: ஒருவர் பரணிலிருந்து இறக்கிய கிரைண்டர், ஸதகாப் பணத்தில் வாங்கிய இன்னொன்று, ஒரு பழைய தையல் மிஷின். மதரஸாவை ஒட்டிய சிறு அறையில் இருக்கின்றன. பெண்கள் வந்து எடுத்துப் போகப் பக்கத்து வாசல் இருக்கிறது. நோட்டை முஅத்தின் வீட்டார் வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் சண்டைதான். சனிக்கிழமை எல்லாருக்கும் வேண்டும் என்றால் எப்படி? நாள் பிரித்துக் கொடுத்த பிறகு அடங்கியது. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, நம் சமுதாயத்தவர் அல்லர், எங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார். அண்டை வீட்டாரின் உரிமையில் மார்க்கம் அப்படிப் பிரித்துப் பேசவில்லை, அவருக்குச் செவ்வாய்க்கிழமை.

போன மாதம் ஒரு சகோதரி இரவல் எடுத்துப் போன கிரைண்டரின் பெல்ட் அறுந்து விட்டது. 200 ரூபாயை முடிந்து கொண்டு வந்து, இது என் மேல் கடனா ஹஜ்ரத் என்று அழாத குறையாகக் கேட்டார். ஹனஃபீ மத்ஹபில் இரவல் பொருள் அமானிதம். அவர் அத்துமீறாத வரை பொறுப்பில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் வாங்கியவர் பொதுவாகப் பொறுப்பாவார். ஆனால் அனுமதித்த உபயோகத்தாலேயே தேய்ந்ததற்குப் பொறுப்பில்லை. அன்றியும் இது வக்ஃபுப் பொருள். முஸ்லிம்களுக்காக வக்ஃபு செய்த கிதாபை அவர்களில் ஒருவர் இரவல் வாங்கி, கவனக்குறைவின்றி அது அழிந்தால் ஈடு இல்லை என்று நம் மதரஸாக்களில் ஓதும் ‘ஃபத்ஹுல் முஈன்’ கூறுகிறது. இரண்டு மத்ஹபின்படியும் அவர் மேல் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பெல்ட்டை அன்று மாலையே மாற்றி விட்டோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை.